ஆற்றங்கரைச் சிற்றூருக்கு விவரச்சுவடி எழுதுவது எப்படி

தமிழ்நாட்டில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் வரலாறு, புவியியல், மக்கள்தொகை ஆகிய மூன்றையும் ஒருங்கே விவரச்சுவடியாக (கெசட்டியர்) எழுத விரும்புபவர், ‘ஊர்’ என்று தாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். வருவாய்த் துறைக்கு ஊர் என்பது புல எண்களும் எல்லைக் கற்களும் கொண்ட வருவாய் கிராமம். ஊரக வளர்ச்சித் துறைக்கு அது ஊராட்சி. ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்களும், சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய் கிராமங்களும் அடங்கும். அங்கே குடியிருப்பவருக்கோ ஊர் என்பது தெருக்களும் கோயிலும் படித்துறையும் சேர்ந்த ஒரு வட்டாரம். அதன் எல்லை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மக்கள்தொகையை இவற்றுள் ஒன்றிலிருந்தும் பரப்பளவை மற்றொன்றிலிருந்தும் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து மக்கள் அடர்த்தி என்று அச்சிட்டிருக்கும் ஊர் மலர்கள் உண்டு. அந்த எண் எந்த ஊருக்கும் உரியதன்று.

வருவாய் கிராமத்தையே அடிப்படை அலகாகக் கொள்வது நல்லது என்பது என் கருத்து. நிலக் கணக்குகள் அதன் பெயரிலேயே தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வந்துள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஊரகப் பகுதியில் அதையே அலகாகக் கொள்கிறது. கிராமத்தின் பெயர், எண், அது சேர்ந்த பிர்கா (சில கிராமங்கள் அடங்கிய வருவாய்ப் பிரிவு), வட்டம், மாவட்டம் ஆகியவற்றை எழுதிக்கொண்ட பிறகு, அந்த மேல் அடுக்குகள் எந்தெந்த ஆண்டில் மாறின என்பதையும் ஒரு சிறு அட்டவணையாக்கிக்கொள்ள வேண்டும். மயிலாடுதுறையை அடுத்த ஒரு காவிரிக்கரைச் சிற்றூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்து, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி ஊர்கள் 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சென்றன. இந்த அட்டவணை கையில் இல்லாமல் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, பழைய ஆவணம் இல்லை என்ற பதில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

நிலக் கணக்கிலிருந்து தொடங்குதல்

தலபுராணத்துக்கும் ஊர்ப்பெயர்க் கதைக்கும் முன்பாகப் படிக்க வேண்டியது அ-பதிவேடு. ஒவ்வொரு புல எண்ணும் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா, அதன் பரப்பு எவ்வளவு, தீர்வை (நிலவரி) என்ன என்பவை அதில் வரிசையாக இருக்கும். ஒரு சிற்றூருக்கு இந்தப் பதிவேடு பெரிதாக இராது. பொறுமையுடன் வகைவாரியாகக் கூட்டினால் ஊரின் நிலப்பயன்பாடு முழுவதும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஆற்றங்கரை ஊரைப் பொறுத்தவரை பட்டா நிலங்களைவிடப் புறம்போக்குப் பட்டியல்தான் அதிகம் பேசுகிறது. ஆறு, படுகை, பாசன வாய்க்கால், வடிகால், குளம், களம், மந்தை, பாதை, சுடுகாடு, நத்தம் (குடியிருப்பு நிலம்) என்று தனித்தனியே எழுதப்பட்டிருக்கும் அந்த எண்களைக் கிராம வரைபடத்தில் வண்ணமிட்டுப் பார்த்தால், ஊர் எதன்மேல் அமர்ந்திருக்கிறது, எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பது உடனே புலப்படும்.

கிராம வரைபடத்துடன் புலப்படங்களையும் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய அளவுப் படங்கள்) பெற வேண்டும். அ-பதிவேட்டின் பகுதிகளையும் பல புலப்படங்களையும் தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் பார்க்கலாம். மற்றவற்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் அணுக வேண்டும். தேவையானால் 10 ரூபாய் கட்டணத்துடன் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளிக்கலாம். ‘ஊரைப் பற்றிய அனைத்துத் தகவல்களும் வேண்டும்’ என்று எழுதப்படும் மனு பயன் தராது. இன்ன கிராமத்தின் இன்ன பதிவேட்டின் நகல் என்று ஆவணத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இன்றுள்ள அ-பதிவேடு பெரும்பாலும் 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் (நிலத்தை வகைப்படுத்தி வரி வகுத்த ‘செட்டில்மென்ட்’) பதிவேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே இந்த வேலையின் மிகப் பயனுள்ள பகுதி என்பேன். அன்று வாய்க்கால் என்றிருந்த எண் இன்று பாதையாகவோ நத்தமாகவோ மாறியிருந்தால், அந்த ஒரு மாற்றத்திலிருந்தே ஒரு பத்தி வரலாறு எழுதலாம். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய ஏடுகள் சில அந்தக் குடும்பங்களில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மரியாதையுடன் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எந்த நிலத்தில் எந்த ஆண்டு என்ன பயிர் என்பதை அடங்கல் சொல்லும். அதிலுள்ள ஆண்டு பசலி ஆண்டு; ஜூலை 1-இல் தொடங்கி மறு ஜூன் 30-இல் முடிவது. பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

ஆற்றைப் படித்தல்

புவியியல் பகுதியை அட்சரேகை, தீர்க்கரேகை, மாவட்டத் தலைநகரிலிருந்து தொலைவு என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆற்றங்கரை ஊருக்கு அது போதாது. அங்கே நிலத்தை உருவாக்கியதே ஆறு; வெள்ளம் கரைபுரளும்போது பருமணலும் வண்டலும் கரையை ஒட்டியே படிந்துவிட, மென்களி மட்டும் தொலைவுக்குச் சென்று படிகிறது. ஆகவே சமவெளியில் ஆற்றின் கரை உயர்ந்தும், கரையிலிருந்து விலக விலக நிலம் மெல்லத் தாழ்ந்தும் செல்வது இயல்பு. பழைய குடியிருப்பு அந்த உயர்ந்த கரைமேட்டிலும், நெல் வயல் அதற்கப்பால் தாழ்ந்த களிநிலத்திலும், வடிகால் அதனினும் தாழ்ந்த கோட்டிலும் இருப்பதைப் பெரும்பாலான ஊர்களில் காணலாம். உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும்: ஆறு விலகியிருக்கலாம், அல்லது குடியிருப்பு பின்னாளில் இடம் மாறியிருக்கலாம்.

இந்த உயர வேறுபாட்டை அளப்பதற்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் மலையடிவார ஊர்களில் உதவும். காவிரிச் சமவெளியில் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு சமவுயரக்கோடுகூட வராது. அங்கே நீரே அளவுகோல். வாய்க்கால் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த மடையில் தண்ணீர் ஏறுவதற்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பெருமழைக்குப் பின் எந்த வயலில் கடைசிவரை தண்ணீர் நிற்கிறது என்று கேட்டு வரைபடத்தில் குறித்தால், நிலத்தின் சரிவு முழுவதும் வந்துவிடும். இதைச் சொல்லத் தகுதியானவர் ஊரில் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பிலிருக்கும் நீர்க்கட்டி. அவரோடு தலைமடை முதல் கடைமடை வரை வாய்க்கால் ஓரமாக நடந்து, ஒவ்வொரு மதகின் பெயரையும் அது பாயும் பரப்பையும் எழுதிக்கொள்ள வேண்டும். மதகுகளின் பெயர்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இல்லாதவை.

அடுத்து, ஊருக்குள் வரும் தண்ணீர் எங்கிருந்து திருப்பப்படுகிறது என்பதை ஆற்றின் மேற்பகுதி நோக்கித் தொடர வேண்டும். காவிரிப் பாசன ஊரானால் கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுள் எதிலிருந்து தன் வாய்க்கால் கிளைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணல் மேடிட்டுக்கொண்டே வர, வெள்ளம் சரிவு மிகுந்த கொள்ளிடத்தின் வழியே அதிகமாக ஓடத் தொடங்கியதால்தான் 1836-ஐ ஒட்டி முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின், ஜூன் 12 என்ற திறப்பு நாள் டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்கே நாட்காட்டியாயிற்று. ஒரு சிற்றூரின் அடங்கலில் குறுவைப் பரப்பு ஏறுவதையும் இறங்குவதையும் இந்த அணைகளின் வரலாற்றோடு இணைக்காமல் விளக்க முடியாது. தாமிரபரணிப் பாசனத்தில் கேள்வி வேறு: அங்கே கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளில் எதன் கால்வாய், அதில் கார், பிசானம் என்ற இரு பருவங்களில் எதற்கு உறுதியான தண்ணீர் உண்டு என்று பார்க்க வேண்டும்.

ஆறு இன்று ஓடும் இடத்தில்தான் என்றும் ஓடியது என்று எண்ணிவிடலாகாது. தாமிரபரணியின் கழிமுகத்தில் பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உங்கள் ஊரின் பழைய நில அளவை வரைபடத்தில் ஆற்றுக்கு அப்பாலும் சில புல எண்கள் காணப்பட்டால், எல்லை வகுக்கப்பட்டபோது ஆறு வேறு இடத்தில் ஓடியது என்பதற்கு அது ஒரு தடயம். வளைந்த குளம், நீண்ட தாழ்வான புறம்போக்கு, தோண்டினால் ஆற்றுமணல் வரும் வயல் ஆகியவையும் அத்தகையவையே. செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்க இஸ்ரோவின் புவன் தளமும் கூகுள் எர்த்தும் உதவும். அண்மைக் காலத்தில் மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்து, வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிட்ட ஊர்களில் அதையும் அளவுடன் எழுத வேண்டும்.

வெள்ளங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். காவிரியில் 1924 ஜூலையிலும், திருச்சிப் பகுதியில் 1977 நவம்பரிலும், தாமிரபரணியில் 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்தவை பெருவெள்ளங்கள். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. ஒவ்வொன்றிலும் தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பார்த்தவர்களைக் கொண்டே குறிக்க வேண்டும். கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் உள்ள நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்கள் ஆற்றுக்குள்ளேயே அமைந்தவை. அத்தகைய இடங்களில் வெள்ளக்கோடு வரைவது ஊரின் வரைபடத்தையே வரைவதற்கு ஒப்பாகும்.

வரலாற்றுக்குரிய சான்றுகள்

கோயிலில் கல்வெட்டு இருந்தால் அது ஏற்கெனவே படியெடுக்கப்பட்டதா என்று தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளிலும் கல்வெட்டுத் தொகுதிகளிலும் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டறிக்கைகள் 1887 முதல் உள்ளன. கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்க முயல்வது எழுத்தைக் கெடுக்கும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த ஒளிப்படம் போதும். ஆட்சியாண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவதில் கவனம் வேண்டும். முதலாம் இராசராசன் 985-இல் அரியணை ஏறியதால் அவனது 25-ஆம் ஆட்சியாண்டு 1009–1010 ஆகிறது; ஆனால் அரசன் பெயரின்றி ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருக்கும் கல்வெட்டை எந்த அரசனுக்கும் உரிமையாக்கிவிட முடியாது, ஏனெனில் பரகேசரி, இராசகேசரி என்பவை சோழர் மாறி மாறிப் பூண்ட பட்டங்கள். பாண்டியரின் மாறவர்மன், சடையவர்மன் பட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு.

கல்வெட்டில் நமக்கு வேண்டியது அரசனின் புகழைவிட, நிலக்கொடை விவரத்தில் வரும் எல்லைகள்தாம். கிழக்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தெற்கெல்லை இன்ன வதிக்கு வடக்கு என்று அங்கே சொல்லப்படும் பெயர்களுள் ஒன்றிரண்டாவது இன்றைய மதகுப் பெயர்களிலோ புலப் பெயர்களிலோ எஞ்சியிருக்கலாம். நீர்க்கட்டியோடு நடந்து எழுதிய பட்டியல் இங்கேதான் பயன்படும். வேலி, மா என்று வரும் அளவுகளை உடனே ஏக்கராக்க வேண்டாம். 20 மா கொண்ட ஒரு வேலி பிற்காலத் தஞ்சை வழக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்றாலும், கல்வெட்டுக் காலத்தில் அளக்கும் கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

கல்வெட்டுக்கும் ஆங்கிலேயர் கால ஆவணத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் வெறுமையாக இருந்தால் அவற்றைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவிடுவது நேர்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஆவணம் பெருகுகிறது. ஊர் ரயத்துவாரியா (உழவரே அரசுக்கு நேராக வரி கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாக விடப்பட்டது) என்று முதலில் தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பது தெளிவாகும்: இனாம் ஊருக்கு 1860-களின் இனாம் பதிவேடும், ஜமீன் ஊருக்கு 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின்கீழ் நடந்த நிலவரித் திட்ட ஆவணமும் முக்கியமானவை. தஞ்சாவூருக்கு 1906-இலும் திருநெல்வேலிக்கு 1917-இலும் வெளிவந்த மாவட்ட விவரச்சுவடிகள் சிற்றூர்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டா. பாசனம், பஞ்சம், வெள்ளம் குறித்த அவற்றின் அத்தியாயங்களே நமக்கு வேண்டியவை.

வாய்மொழியைச் சேகரிக்கும்போது ‘எந்த ஆண்டு’ என்று கேட்பதைவிட, காலம் உறுதியாகத் தெரிந்த நிகழ்வுகளுக்கு முன்னா பின்னா என்று கேட்பது பலன் தரும். நாகைப் பகுதியில் 1952 நவம்பர் புயலும் 2018 கஜா புயலும் அத்தகைய குறிகள். யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். அக்ரகாரத்துக்கும் பெரிய தெருவுக்கும் கோயிலுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒரு வரியில் கடந்துபோகும் ஊர் வரலாறுகள் ஏராளம். அந்த ஊரின் வயலில் நாற்று நட்டவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் அங்கேதான் இருந்தனர். 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் 30 தர ஏக்கராகவும் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) 1970-இல் 15 தர ஏக்கராகவும் வகுக்கப்பட்ட நில உச்சவரம்பு, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது ஆகியவற்றை அந்தத் தெரு எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்காமல் டெல்டாவின் எந்தச் சிற்றூருக்கும் இருபதாம் நூற்றாண்டு வரலாறு எழுத இயலாது.

எண்களைக் கையாளுதல்

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-இலும், அதன்பின் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறையும் நடந்தது. கிராமவாரி எண்கள் அண்மைப் பதிற்றாண்டுகளுக்கு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் உள்ளன. 2011-க்குரியவை கணக்கெடுப்பு ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு வரி வீதம் வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுவரையுள்ளோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் என்று அட்டவணையிட்டு, கிராமத்தின் பரப்பளவையும் அதே வரியில் எழுத வேண்டும். பரப்பளவு மாறியிருந்தால் எல்லை மாறியிருக்கக்கூடும். அந்த இரு ஆண்டுகளுக்கிடையே வளர்ச்சி விகிதம் கணக்கிடக் கூடாது.

எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மட்டும் கணக்கிடப்படுவது. ஆகவே மொத்த மக்கள்தொகையிலிருந்து ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். முழுத் தொகையால் வகுத்தால் ஊர் உள்ளதைவிடப் பின்தங்கியதாகத் தோன்றும். தொழிலாளர் எண்ணிக்கையில் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தோர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தோர் குறுந்தொழிலாளர். நடவு, அறுப்பு என்று பருவத்துக்கு மட்டும் வேலை கிடைக்கும் ஆற்றுப்பாசன ஊர்களில் இந்த இரண்டாம் பிரிவை விட்டுவிட்டால் பெண்களின் உழைப்பில் பெரும்பகுதி கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

சிற்றூரின் விகிதங்களில் இன்னோர் ஆபத்து உண்டு. அறுபது குழந்தைகள் உள்ள ஊரில் 33 சிறுவரும் 27 சிறுமியரும் இருந்தால் பாலின விகிதம் (ஆயிரம் சிறுவருக்கு இத்தனை சிறுமியர் என்பது) 818 என்று வரும். அது மாநிலச் செய்தியாகத்தக்க எண்ணாகத் தெரிந்தாலும், அவ்வளவு சிறிய தொகையில் அது தற்செயலாகவும் நேரக்கூடியது. இத்தகைய இடங்களில் விகிதத்துக்குப் பதிலாக எண்ணிக்கையையே கொடுத்து, மூன்று நான்கு கணக்கெடுப்புகளை ஒருசேரப் பார்ப்பது நல்லது. மக்கள்தொகை குறைந்திருந்தால் காரணத்தையும் ஊருக்குள்ளேயே தேடிவிடக் கூடாது: 1876–78 பஞ்சத்தால் சென்னை மாகாணம் முழுவதிலுமே 1881-இன் எண் 1871-ஐவிடக் குறைந்தது, 1918-இன் இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் இந்தியாவின் மொத்தத் தொகையே 1911-ஐவிட 1921-இல் குறைந்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றவர்களை எண்ணில் காண முடியாது. வீட்டு நினைவில்தான் தேட வேண்டும்.

கணக்கெடுப்பு நடக்காத ஆண்டுகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றின் தொகைகளை மட்டும் கேட்டுப் பெறலாம். வாக்காளர் பட்டியல் தெருவாரியாக இருப்பதால் குக்கிராமங்களைப் பிரித்துக் காண உதவும். ஆனால் வெளியூரில் வாழ்வோர் பெயரும் அதில் நீடிப்பதுண்டு. எதிலிருந்தும் தனிமனிதர் பெயரையோ குடும்ப விவரத்தையோ எடுத்து அச்சிட வேண்டாம்.

பெருந்தொற்றால் 2021 கணக்கெடுப்பு நடைபெறாததால், இன்று எழுதுபவரின் அட்டவணையில் கடைசி வரி 2011-தான். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. அதில் சாதிவாரி விவரமும் சேர்க்கப்படும். ஆகவே அட்டவணையில் ஒரு வரியைக் காலியாக விட்டு, பக்கத்தில் இன்றைய எல்லை, பரப்பு, குக்கிராமங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படியை ஊர்ப் பள்ளியிலும் மற்றொன்றை மாவட்ட மைய நூலகத்திலும் கொடுத்து வைக்க வேண்டும்.